எலியின் ஈரல் சொல்லும் பாடம்

(எமது சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலம் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டார். நான் வைத்தியன் இல்லை. இந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுகூடத்தில், பரிசோதனை எலிகளோடு கன வருடம் வேலை செய்தவன். "அப்ப எலியைப் பற்றியே பேசுங்கோவன்" என்று அவர் சொன்னார். அவர் பகிடியாகச் சொன்னாலும் நான் அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். இன்று எலியின் ஈரலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லப்போகிறேன்.

நாங்கள் நாடு விட்டு வந்து, இரண்டு வேலை மூன்று வேலை என்று ஓடித்திரியும் சனம். எங்களுக்கு எலியின் ஈரல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. "எலிக்கு நஞ்சைக் கொடுத்து ஈரலைப் பழுதாக்கி, பிறகு ஓமோன் கொடுத்துச் சுகமாக்கிப் போட்டாங்களாம். அந்த மருந்தை எங்கை வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஈரல் வருத்தம் உள்ள உறவினரை வீட்டில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நேர்மையான பதில் சொல்லவேண்டும்.

முதலில் ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை. வளர்ந்த ஒருவருடைய ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையுள்ளது. நாங்கள் உண்பது, குடிப்பது, விழுங்குகிற குளிசை எல்லாம் குடலிலிருந்து நேரே போய்ச் சேரும் இடம் அதுதான். வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டாததை உடைத்து வெளியே தள்ளும்.

இந்த உறுப்புக்கு, உடலின் வேறு உள்ளுறுப்புக்களுக்கு இல்லாத ஒரு வல்லமை உண்டு. 1931 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ஹிகின்ஸ், அண்டர்சன் என்ற இருவர், எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி அகற்றிப் பார்த்தார்கள். எலி சாகவில்லை. ஒன்று இரண்டு கிழமைக்குள் ஈரல் திரும்பவும் பழைய நிறைக்கு வந்துவிட்டது. ஊரிலே வேலிக்கு நட்ட கிளுவங் கதியால் வெட்ட வெட்டத் துளிர்க்குமே, அப்படித்தான் இதுவும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம். கதியால் வெட்டின இடத்தில் துளிர்க்கும். ஈரலில் வெட்டின பகுதி திரும்ப முளைப்பதில்லை. மிஞ்சியிருக்கிற பகுதிதான் பெருத்து, போனதின் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறது. குடும்பத்தில் இரண்டு பேர் இல்லாமல் போனால் மிஞ்சின பிள்ளை பாரத்தைத் தூக்கிறமாதிரி.

இனி நஞ்சுக்கு வருவோம். ஆய்வுகூடங்களில் எலியின் ஈரலைப் பழுதாக்க அதிகம் பயன்பட்ட இரசாயனம் காபன் டெட்ராகுளோரைட். இனிய வாசனையுள்ள, தண்ணீர் போன்ற ஒரு திரவம். ஒருகாலத்தில் ட்ரை கிளீனிங் கடைகளில் துணி வெளுக்கவும், தீயணைக்கும் கருவிகளில் நிரப்பவும் இதைத்தான் பாவித்தார்கள். இன்னொன்றையும் கேளுங்கள். 1921 இல் மோரிஸ் ஹோல் என்ற அமெரிக்கர் இது கொழுக்கிப் புழுவுக்கு நல்ல மருந்து என்று சொல்ல, பல நாடுகளில் மனிதருக்கே குடிக்கக் கொடுத்தார்கள். இலங்கையில் நடந்த கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்திலும் அது பாவிக்கப்பட்டது. ஈரலைக் கெடுக்கும் என்று பிறகு நன்றாகத் தெரிந்ததும் கைவிட்டார்கள். ஓசோன் படலத்தையும் அது அரிப்பதால், மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 1996 உடனும், வளர்முக நாடுகளில் 2010 உடனும் அதன் பொதுப் பாவனை நிறுத்தப்பட்டது.

அது எப்படி ஈரலைக் கெடுக்கிறது? இதுதான் விளங்கவேண்டிய இடம். அந்தத் திரவம் உள்ளே போன உடனே அவ்வளவு கெட்டதல்ல. ஈரல் கலங்களில் உள்ள ஒரு நொதியம், நஞ்சை உடைத்து அகற்றுவதற்கென்றே இருக்கும் நொதியம், அதை உடைக்கப் பார்க்கிறது. உடைக்கும்போது, ஒற்றை இலத்திரனோடு அலைகிற ஒரு துண்டு பிறக்கிறது. அது கலத்தின் மென்சவ்வில் உள்ள கொழுப்பைத் தாக்கும். ஒன்று கெட்டால் பக்கத்தில் உள்ளதும் கெடும். நெருப்பு ஓலை வேலியில் பரவுகிறமாதிரித்தான். எலிக்கு ஒருமுறை கொடுத்தால் ஒன்று இரண்டு நாளில் சேதம் உச்சத்துக்கு வரும். அந்த நொதியம் கூடுதலாக இருக்கிற கலங்கள்தான் முதலில் சாகும். மதுபானம் இந்த நொதியத்தைக் கூட்டும். ஆகவேதான் அந்தக் காலத்தில் ஒரே கடையில் ஒரே காற்றைச் சுவாசித்த தொழிலாளரில், குடிப்பழக்கம் உள்ளவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்.

இப்படிப் பழுதான எலியின் ஈரலை, வேறொன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் என்ன நடக்கும்? உயிர் தப்பின எலி தானாகவே சுகப்படும். மிஞ்சின கலங்கள் இரண்டு நாளளவில் மும்முரமாகப் பிரியத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு கிழமை பத்து நாளில் ஈரல் பழைய அமைப்புக்கு வந்துவிடும். ஆனால் அதே நஞ்சைக் கிழமைக்கு இரண்டுதரம் என்று இரண்டு மூன்று மாதம் கொடுத்தால், ஈரல் மீள நேரம் கிடைப்பதில்லை. வடு விழுந்து, வடுவுக்கு மேல் வடு விழுந்து, ஈரல் இறுகிப் போகும். சிரோசிஸ் என்று சொல்வது இதைத்தான். அன்புள்ளவர்களே, முழு உரையையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். ஒருமுறை பட்ட அடியிலிருந்து ஈரல் எழும்பும். ஒவ்வொரு கிழமையும் அடித்தால் எழும்பாது.

இப்போது ஓமோனுக்கு வருவோம். ஈரல் வளரவேண்டும் என்று யார் கட்டளையிடுகிறது? 1967 இல் பொஸ்ரன் நகரத்தில் மூல்ற்றன், நான்சி புச்சர் ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஈரலில் பெரும்பங்கு வெட்டப்பட்ட எலியையும், ஈரல் முழுதாக உள்ள எலியையும் குழாய்களால் இணைத்து இருவரின் இரத்தமும் கலந்து ஓடச் செய்தார்கள். வெட்டுப்படாத எலியின் ஈரலும் வளர்ச்சிக்கு ஆயத்தமாகியது! அப்படியென்றால் செய்தி இரத்தத்தில்தான் போகிறது. இரத்தத்தில் போய் இன்னோரிடத்தில் வேலை செய்விக்கும் செய்தியைத்தான் ஓமோன் என்கிறோம். ஓமோன் ஒரு தபால். தபால் வீடு கட்டாது. வீடு கட்டு என்று சொல்லும். கட்டுவதற்குக் கல்லும் ஆளும் அங்கே இருக்கவேண்டும்.

1975 இல் புச்சரும் சுவாஃபீல்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். சதையியும் குடலும் அகற்றப்பட்ட எலிகளில் ஈரல் சரியாக வளரவில்லை. இன்சுலின் மட்டும் கொடுத்தாலும் பெரிய பலனில்லை; குளுக்ககன் மட்டும் கொடுத்தாலும் பலனில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது வளர்ச்சி திரும்பி வந்தது. இரத்தச் சீனியை ஒன்று இறக்கும், மற்றது ஏற்றும். எதிரெதிரான இரண்டும் ஈரலின் வளர்ச்சிக்குச் சேர்ந்து வேலை செய்கின்றன. பிறகு 1984 இல் ஜப்பானில் நாகமுரா குழுவினர், ஈரல் வெட்டப்பட்ட எலிகளின் இரத்தத்திலிருந்து ஈரல் கலங்களைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். காபன் டெட்ராகுளோரைட் கொடுத்த எலியின் இரத்தத்திலும் அந்தப் புரதம், கலங்கள் பிரிவதற்கு முன்னரே உயர்கிறது என்று பின்னர் தெரிந்தது. 1999 இல், வேறொரு இரசாயனத்தால் சிரோசிஸ் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இந்தப் புரதத்தின் மரபணுவைக் கொடுத்தபோது ஈரலில் இருந்த வடு கரைந்ததையும் ஜப்பானியர் காட்டினார்கள்.

"அப்ப கேட்டது சரிதானே, பிறகென்ன?" என்று நீங்கள் நினைப்பீர்கள். பொறுங்கள்.

இன்சுலினும் குளுக்ககனும் எலியில் காட்டிய பலனை நம்பி, மதுவால் ஈரல் கடுமையாக அழன்ற நோயாளிகளுக்கு வைத்தியர்கள் அவற்றைச் சேர்த்து ஏற்றிப் பார்த்தார்கள். 1980 களின் தொடக்கத்தில் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. 1990 களின் தொடக்கத்தில் கவனமாகச் செய்த ஆய்வுகளில் உயிர் தப்பியவர் தொகை கூடவில்லை. இரத்தச் சீனி ஆபத்தாக இறங்குவதும் ஒரு பிரச்சினையாக இருந்தது. அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டது.

தைரொயிட் ஓமோனின் கதை இன்னும் விசித்திரமானது. எலிக்கு அதைக் கொடுத்தால், காயமே இல்லாத ஈரல்கூடப் பெருகும். ஆகவே அது நல்ல மருந்து என்று ஒரு பக்கம். மறுபக்கம், தைரொயிட்டை அடக்கி வைத்த எலிகளில் இரசாயனத்தால் வரும் ஈரல் சேதமும் வடுவும் குறைந்தன! இதே எண்ணத்தில் 1987 இல் ரொறன்ரோவில், குடியால் ஈரல் கெட்டவர்களுக்குத் தைரொயிட்டை அடக்கும் குளிசையைக் கொடுத்து, இறப்புக் குறைந்தது என்று எழுதினார்கள். பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதுமட்டுமா? அதே குளிசை சிலருக்கு ஈரலையே கடுமையாகக் கெடுக்கிறது என்று 2010 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை இட்டது. ஈரலைக் காக்கக் கொடுத்தது ஈரலையே தின்றது.

இந்தக் கதை ஏமாற்றத்தோடு முடிந்துவிடவில்லை. தைரொயிட் ஓமோனைப் பிடிக்கும் கைகள் உடலில் இரண்டு வகை. இதயத்தில் ஒரு வகை அதிகம், ஈரலில் மற்ற வகை அதிகம். ஈரலில் உள்ள கையை மட்டும் பெரும்பாலும் தொடுகிறமாதிரி ஒரு மருந்தைச் செய்தார்கள். ரெஸ்மெதிரொம் என்பது அதன் பெயர். ஈரலில் கொழுப்புப் படிந்து, அழற்சி வந்து, வடுவும் விழத் தொடங்கியவர்களுக்கு, ஆனால் இன்னும் சிரோசிஸ் ஆகாதவர்களுக்கு, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்துக் கொடுக்க 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சலரோகமும் வண்டியும் உள்ள எங்கட ஆக்களில் ஈரல் கொழுப்பு நிறையப் பேருக்கு உண்டு. ஆகவே இது எங்களுக்கும் நல்ல செய்திதான். ஆனால் கவனியுங்கள். எலியில் தெரிந்த ஓர் உண்மை மருந்தாக மாற இத்தனை வருடமும் இத்தனை திருத்தமும் தேவைப்பட்டது. தைரொயிட் குளிசையை ஈரலுக்கென்று யாரும் விழுங்கக் கூடாது. அது இதயத்தைப் படபடக்க வைக்கும், எலும்பைத் தேய்க்கும்.

எலியில் சரிவருவது மனிசரில் ஏன் சரிவருவதில்லை? மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். ஆய்வுகூடத்தில் பல சோதனைகளில் மருந்தை முதல் கொடுத்துவிட்டுத்தான் நஞ்சைக் கொடுக்கிறார்கள். நித்திரை ஓமோன் என்று சொல்லும் மெலற்றோனின் பலவற்றில் அப்படித்தான். எங்கட கீழ்க்காய்நெல்லிச் சாறு பலவற்றிலும் அப்படித்தான். வாழ்க்கையில் நஞ்சு முதல் வருகிறது, செங்கண்மாரி பிறகு தெரிகிறது, மருந்தை அதற்குப் பிறகுதான் தேடுகிறோம். மழை பெய்ய முதல் கூரை வேய்வதும், வெள்ளம் வந்த பிறகு கூரைக்கு ஓலை தேடுவதும் ஒன்றா?

கீழ்க்காய்நெல்லியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1988 இல் சென்னை ஆய்வாளர்கள், நோபல் பரிசு பெற்ற புளூம்பேர்க்குடன் சேர்ந்து, ஈரல் அழற்சி பி வைரசைச் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது என்று லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எங்கள் மூலிகை என்பதற்காக அதை இகழவும் வேண்டாம். எங்கள் மூலிகை என்பதற்காகவே நம்பி, வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இரண்டாவது, எலி வேறு, நாங்கள் வேறு. இதற்குப் பெரிய சாட்சி எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பனடோல். உடல் நிறைக்கு ஏற்பப் பார்த்தால், எலியின் ஈரல் பரசிற்றமோலை நன்றாகவே தாங்கும். சுண்டெலியும் மனிதரும் தாங்கமாட்டார்கள். எலியை மட்டும் பார்த்திருந்தால் பனடோல் அளவு மீறினாலும் பயமில்லை என்றே முடிவுகட்டியிருப்பார்கள். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 1966 இல்தான், அளவு மீறி எடுத்தவர்களின் ஈரல் செத்துப்போனதை வைத்தியர்கள் பதிவு செய்தார்கள்.

மூன்றாவது, ஓமோன் தபால் என்று சொன்னேனே, அதை வாங்கி வாசிக்க உயிருள்ள கலம் இருக்கவேண்டும். மெகெந்தலே என்ற ஆய்வாளரின் குழுவினர், தனியே தீங்கு செய்யாத சிறிதளவு பூச்சிகொல்லியை எலிக்குத் தீனியோடு கொடுத்துவிட்டு, பிறகு சிறிதளவு காபன் டெட்ராகுளோரைட் கொடுத்தார்கள். அந்த நஞ்சின் கொல்லும் வலு 60 மடங்குக்கு மேல் கூடியது. ஏனென்றால், முதல் கொடுத்தது ஈரல் கலங்களைப் பிரியவிடாமல் தடுத்துவிட்டது. ஆகவே எவ்வளவு கலம் செத்தது என்பது மட்டுமல்ல, மிஞ்சினதை எழும்ப விட்டோமா என்பதே சாவையும் வாழ்வையும் தீர்மானிக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். நான்கு விடயம்.

ஒன்று பனடோல். பெரியவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒல்லியானவரும், குடிப்பவரும், ஏற்கெனவே ஈரல் வருத்தமுள்ளவரும் எவ்வளவு எடுக்கலாம் என்று முதலே கேட்டறியவேண்டும். தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கும் பவுடரிலும் அதே மருந்து இருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணுங்கோ. நீண்ட விரதத்தில் உடம்பு சாப்பாடின்றி இருக்கும்போது, இந்த நஞ்சை முறிக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் ஈரலில் குறைந்திருக்கும். அதையும் நினைவில் வையுங்கோ.

இரண்டாவது, சொல்லக் கடினமானது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தனிமையிலும், விசா கிடைக்காத விரக்தியிலும், வீட்டுச் சண்டையிலும் எங்கட சனத்தில் சிலர் குளிசைகளைக் கையில் எடுத்து விடுகிறார்கள். அளவு மீறி எடுத்தவருக்கு முதல் நாள் பெரிதாக ஒன்றுமே தெரியாமல் இருக்கும். "வாந்தி நின்றிட்டுது, ஆள் எழும்பி இருக்கிறா, வெளியிலை தெரிஞ்சால் மானம் போகும்" என்று கதவைச் சாத்தாதீர்கள். ஈரல் பழுதாகிறது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். ஆஸ்பத்திரியில் இதற்கு அசிற்றைல்சிஸ்ரீன் என்ற முறிமருந்து உண்டு. எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் ஏறக்குறைய எல்லோரையும் பெருஞ்சேதத்திலிருந்து காப்பாற்றலாம். பிந்தினாலும் பலன் உண்டு. உடனே 999 க்கு அடியுங்கோ, அல்லது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மானம் திரும்ப வரும். ஆள் திரும்ப வராது. இந்த நாட்டில் 1998 இல், பார்மசியில் ஒரு பெட்டியில் 32 குளிசை, மற்றக் கடைகளில் 16 குளிசை என்று கட்டுப்படுத்தினார்கள். அதன்பின் இப்படியான இறப்புக்கள் குறைந்தன. வீட்டில் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைக்காதிருப்பதும் ஓர் உயிர்காப்புத்தான்.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. தம்பிமாரே, ஜிம்மில் உடம்பைப் பெருப்பிக்கத் தரும் ஸ்ரீரொயிட் குளிசையும் ஓமோன்தான். ஆணின் ஓமோனைப் போலச் செய்யப்பட்டது. வாயால் விழுங்கும் வகைகளை ஈரல் இலேசில் உடைத்துவிடாதபடி மாற்றிச் செய்திருப்பார்கள். அதனாலேயே அவை ஈரலைத் தாக்கும். பித்தம் கட்டுப்பட்டு செங்கண்மாரி வரும், கட்டிகளும் வரலாம். ஓமோன் ஈரலைச் சுகமாக்கும் என்று கேட்கிற அதே சமூகத்தில், ஓமோனாலேயே ஈரலைக் கெடுக்கிற பிள்ளையளும் இருக்கினம்.

நான்காவது, போத்தல். இரவு வேலை முடிந்து தனி அறைக்கு வருகிற அண்ணனுக்கு ஆறுதல் வேறொன்றும் இல்லை என்பது எனக்கு விளங்குகிறது. புத்தி சொல்ல வரவில்லை. ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் வந்தேன். குடியால் வருகிற ஈரல் கொழுப்பு, குடியை நிறுத்தினால் சில கிழமைகளில் குறையத் தொடங்கும். வடு விழுந்தவருக்கும் நிறுத்துவதால் ஆயுள் கூடும். நெடுநாளாக ஒவ்வொரு நாளும் கனக்கக் குடிப்பவர் ஒரேயடியாகத் தனியே நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே டொக்டரிடம் சொல்லி நிறுத்துங்கோ. மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ. அது உங்கள் உரிமை.

கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தால், வயிறு வீங்கினால், காரணமில்லாமல் உடம்பெல்லாம் கடித்தால், நேரம் கடத்தாமல் வைத்தியரிடம் போகவேண்டும். போகும்போது விழுங்கின குளிசை, பவுடர், லேகியம், ஊரிலிருந்து வந்த கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மறைக்காமல் காட்டவேண்டும்.

அன்பார்ந்தவர்களே, ஆய்வுகூடத்தில் உயிர்விட்ட அந்த எலிகள் எங்களுக்குச் சொன்னது இவ்வளவும்தான். ஈரலை எழுப்பும் ஓமோன்கள் கடையில் இல்லை. அவை உங்கள் இரத்தத்திலேயே, கூப்பிட்ட நேரத்துக்கு வரக் காத்திருக்கின்றன. உங்கள் பங்கு நஞ்சை நிறுத்துவதும், நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதும்.